ஆன்டிகனி மீறியது சட்டத்தையா, தண்டோராவையா?

கேள்வி இதுதான்: பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிசின் 'ஆன்டிகனி' நாடகத்தில் கிரியோன் என்ற அரசன் நாட்டின் நன்மைக்காக ஒரு சட்டம் போட்டான், ஆன்டிகனி அண்ணன் மேலிருந்த பாசத்தால் அதை மீறினாள். சட்டம் எல்லாருக்கும் பொது என்றால் கிரியோன் செய்ததில் என்ன தப்பு? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் சொன்னதுதானே சரி?

ஹெகல் சொன்னதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. இந்த நாடகத்தைப் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்து, மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் 'சட்டம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதிலேதான் சிக்கல். கிரியோன் போட்டது சட்டம்தானா? நாடகத்தில் நடக்கிற சண்டையே அதைப் பற்றியது என்பது என் எண்ணம். கடைசியில் கிரியோனே தன் வாயால் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறான், அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தீப்ஸ் நகரத்தின் பழைய அரசன் ஈடிபஸுக்கு இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். மகன்களில் எட்டியோக்ளீஸ் அரியணையில் இருக்கிறான், இன்னொருவன் பாலினைசீஸ் ஆர்கோஸ் நகரத்துப் படையைத் திரட்டிக்கொண்டு சொந்த ஊர் மீதே படையெடுத்து வருகிறான். ஊருக்கு ஏழு வாசல், ஏழிலும் சண்டை. ஒரு வாசலில் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு சாகிறார்கள். ஆண் வாரிசு இல்லாததால் தாய்மாமன் கிரியோன் ஆட்சிக்கு வருகிறான். உடனே ஓர் அறிவிப்பு: ஊரைக் காத்த எட்டியோக்ளீசுக்கு எல்லா மரியாதைகளோடும் அடக்கம், ஊரை எரிக்க வந்த பாலினைசீசை யாரும் புதைக்கக் கூடாது, அவனுக்காக யாரும் அழவும் கூடாது, உடல் நாய்க்கும் பறவைக்கும் இரையாகட்டும், மீறுகிறவரை ஊரே கல்லெறிந்து கொல்லும். தங்கை ஆன்டிகனி மீறுகிறாள். பெரிய அடக்கமெல்லாம் இல்லை, காய்ந்த மண்ணைக் கையால் அள்ளி உடல் மேல் போட்டு, வெண்கலச் செம்பிலிருந்து மூன்று முறை வார்க்கிறாள், அவ்வளவுதான். பிடிபடுகிறாள். கிரியோனின் மகன் ஹீமோனுக்கு நிச்சயமான பெண் அவள். நம் உறவுமுறையில் சொன்னால் ஹீமோன் அவளுக்கு முறைமாப்பிள்ளை. தாய்மாமனே மருமகளைச் சாவுக்கு அனுப்புகிற கதை இது. என் அக்கா பெற்ற பெண்ணாக இருந்தாலும் சரி, அதைவிட நெருங்கிய ரத்தமாக இருந்தாலும் சரி, தப்ப முடியாது என்கிறான்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் 'நோமோஸ்' என்றால் சட்டம் மட்டும் இல்லை, வழக்கம், மரபு, காலங்காலமாக நடந்துவருகிற முறை எல்லாம் அதில் அடக்கம். 'கெருக்மா' வேறு. ஆள் விட்டு ஊருக்குள் கூவச் சொல்வது, நம் தண்டோரா மாதிரி. முதல் காட்சியில் ஆன்டிகனி தங்கை இஸ்மீனியை அரண்மனைக்கு வெளியே தனியாக அழைத்துவந்து கேட்கிற முதல் விஷயமே, தளபதி ஊர் முழுக்க என்னவோ தண்டோரா போட்டிருக்கிறாராமே, கேள்விப்பட்டாயா என்பதுதான். அரசர் என்று சொல்லவில்லை, சட்டம் என்றும் சொல்லவில்லை. இஸ்மீனிதான் அதைச் சட்டம் என்கிறாள்: சட்டத்தை மீறி, ஆள்கிறவர்களின் முடிவை எதிர்த்துப் போனால் நாம் இருவரும் கேவலமாகச் சாவோம் என்று பயப்படுகிறாள். கிரியோன் தன் முதல் உரையில் இந்த நோமோஸ்களைக் கொண்டுதான் இந்த ஊரை வளர்ப்பேன் என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே, அவற்றுக்கு உடன்பிறந்த மாதிரி இதோ ஒன்றைத் தண்டோரா போட்டிருக்கிறேன் என்கிறான். பாருங்கள், முதலில் ஊருக்குப் பொதுவான நல்ல கொள்கைகள், அப்புறம் அவற்றின் உடன்பிறப்பு என்ற பெயரில் ஒரு தனிமனிதனின் ஆத்திரம். கேட்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். இது தெரியாமல் நடந்த பிழை என்று நான் நினைக்கவில்லை, சோபாக்ளிஸ் நன்றாகத் தெரிந்தே அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

பிறகு இருவரும் நேருக்கு நேர் நிற்கிற காட்சி. இந்த நோமோஸை மீற உனக்குத் துணிச்சல் வந்ததா என்று கிரியோன் கேட்கிறான். அவள் பதில் உலகப் புகழ் பெற்றது. அதைத் தண்டோரா போட்டது தெய்வங்களின் அரசன் ஜீயஸ் இல்லை. கீழுலகத்துத் தெய்வங்களோடு வாழ்கிற நீதியும் மனிதர்களுக்கு இப்படி ஒரு நோமோஸை வகுத்துவிடவில்லை. என்றைக்காவது சாகப்போகிற ஒரு மனிதனின் தண்டோராவுக்கு, எழுதப்படாத, அசைக்க முடியாத தெய்வ வழக்கங்களைத் தாண்டிப் போகிற பலம் உண்டென்று நான் நினைக்கவில்லை. அவை இன்றைக்கோ நேற்றைக்கோ வந்தவை அல்ல, எப்போது தோன்றின என்று யாருக்கும் தெரியாது. அவன் நோமோஸ் என்ற சொல்லைப் போட்டுக் கேட்கிறான், அவள் கெருக்மா என்ற சொல்லால் திருப்பிக் கொடுக்கிறாள். சட்டத்தை மீறினாயா என்றால், நீ போட்டது சட்டமே இல்லையே என்கிறாள். தனிமனித மனசாட்சி சட்டத்தை எதிர்க்கிறது என்று இதை எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் அவள் மனசாட்சி என்று ஒரு சொல்கூடப் பேசவில்லை. தன்னைச் சட்டத்தை மீறியவளாகவே அவள் நினைக்கவில்லை, சட்டத்தைக் காப்பாற்றியவளாக நினைக்கிறாள்.

சரி, கிரியோன் பக்கம் என்ன இருக்கிறது என்று நேர்மையாகப் பார்ப்போம், ஏனென்றால் நிறைய இருக்கிறது. ஊருக்குத் துரோகம் செய்தவனுக்கும் கோவில் சொத்தைத் திருடியவனுக்கும் அட்டிக்கா மண்ணில், அதாவது ஏதென்சைச் சுற்றிய அதன் நாட்டுப்பகுதியில், அடக்கம் கிடையாது என்பது ஏதென்சில் நிஜமாகவே இருந்த சட்டம். பாரசீகப் படையெடுப்பில் சலாமிஸ் கடற்போரை வென்றுகொடுத்த தெமிஸ்டோக்ளீஸ் பிற்காலத்தில் துரோகக் குற்றச்சாட்டில் ஓடி, பாரசீகப் பேரரசின் நிழலில் மக்னீசியா என்ற ஊரில் செத்துப்போனார். உறவினர்கள் அவருடைய எலும்புகளை ஏதென்ஸுக்குத் தெரியாமல் கொண்டுவந்து அட்டிக்காவில் புதைத்ததாகச் சொன்னார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். கி.மு. 411-இல் ஆட்சியைக் கவிழ்த்த கூட்டத்தில் ஒருவரான ஆன்டிஃபோனுக்கு மரண தண்டனை கொடுத்தபோது ஏதென்சிலும் அதன் ஆட்சிக்கு உட்பட்ட மண்ணிலும் புதைக்கக் கூடாது என்று சேர்த்தே தீர்ப்பு வந்தது. ஆகவே நாடகம் பார்த்த ஏதென்ஸ்காரர்களுக்குக் கிரியோனின் அறிவிப்பைக் கேட்டதும் இது என்ன அக்கிரமம் என்று தோன்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. பலர் சரிதானே என்று தலையாட்டியிருப்பார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஏதென்ஸ் சட்டம் துரோகியை எல்லைக்கு வெளியே தூக்கிப் போடச் சொன்னது. வெளியே போனபின் உறவினர்கள் எடுத்து எங்காவது புதைக்க வழி இருந்தது. வழியில் ஒரு பிணம் கிடந்தால் பார்த்தவர் மேலே கொஞ்சம் மண்ணாவது தூவிவிட்டுப் போக வேண்டும், தூவாமல் போனால் சாபம் என்பதும் அதே ஊரின் வழக்கம். கிரியோன் உடலை எல்லைக்கு வெளியே அனுப்பவில்லை. ஊர் மண்ணிலேயே போட்டு, காவல் வைத்து, அழுகவிடுகிறான். வெளியேற்றுவது தண்டனை, கண்முன்னால் அழுகவைப்பது பழிதீர்ப்பது. அந்தப் பிணத்தோடு ஊரே சேர்ந்து வாழ வேண்டியிருக்கிறது.

கிரேக்கர்களுக்குப் பிணத்தை அடக்கம் செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நாடகத்துக்கு வெளியே இரண்டு சம்பவம் சொல்கிறேன். கி.மு. 424-இல் டீலியம் என்ற இடத்தில் ஏதென்சைத் தோற்கடித்த பின், ஏதென்ஸ் படை தங்கள் கோவிலை ஆக்கிரமித்துக்கொண்டு விட மறுக்கிறது என்று சொல்லி, தீப்ஸ் இருக்கிற பியோஷியா பகுதியின் படை பிணங்களைத் திருப்பித் தர மறுத்தது. தீப்ஸ்தான் அந்தப் படைக்குத் தலைமை. பதினேழாம் நாளில்தான் உடல்கள் கிடைத்தன, கிரேக்க உலகமே பேசிய விஷயம் அது. அதற்கு முன்பே 'ஆன்டிகனி' மேடையேறிவிட்டது, ஆனால் அதற்கப்புறம் நாடகத்தைப் படித்தவர்கள் டீலியத்தை நினைக்காமல் படித்திருக்க மாட்டார்கள். அடுத்தது கி.மு. 406, ஆர்கினூசாய் கடற்போர். ஏதென்ஸ் ஜெயித்துவிட்டது, ஆனால் புயல் வந்ததால் உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களையும் பிணங்களையும் மீட்க முடியவில்லை. ஜெயித்துக்கொடுத்த தளபதிகளையே விசாரித்து ஆறு பேரைக் கொன்றார்கள். அத்தனை பேரையும் ஒரே வாக்கெடுப்பில் தீர்த்துக்கட்டுவது சட்ட விரோதம் என்று அன்றைக்குச் சபையின் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் கடைசிவரை மறுத்தார். அவர் சாக்ரடீஸ்.

நாடகம் யார் முன்னால் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 'ஆன்டிகனி' மேடையேறியது கி.மு. 441 வாக்கில். ஏதென்சின் நாடகப் போட்டி, டயோனைசஸ் என்ற தெய்வத்துக்கு அரசே நடத்திய திருவிழா. நாடகங்கள் தொடங்குவதற்கு முன் கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பத்தை அரங்கில் கொண்டுவந்து காட்டுவார்கள், போரில் அப்பாவை இழந்து அரசு செலவில் வளர்ந்த பையன்களை ஆயுதம் தரித்து அணிவகுக்க வைப்பார்கள். அதாவது அரசு தன் முழு பலத்தையும் காட்டிவிட்டு உட்காரும், உட்கார்ந்ததும் அதன் முன்னால் ஒரு பெண் வந்து ஆட்சியாளனின் ஆணையைத் தண்டோரா என்று சொல்வாள். சோபாக்ளிசும் அரசுக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் இல்லை. கூட்டணிப் பணத்தின் பொருளாளராக இருந்தவர், சாமோஸ் தீவுப் போரில் ஏதென்சின் பெரும் தலைவர் பெரிக்ளீசோடு சேர்ந்து தளபதியாகவே இருந்தவர். 'ஆன்டிகனி' பிடித்துப்போனதால்தான் அவரைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. உண்மையோ இல்லையோ, முதல் காட்சியில் ஆன்டிகனி கிரியோனைக் குறிக்கப் பயன்படுத்துகிற அதே 'தளபதி' என்ற பதவிச் சொல்தான் அவருடைய பதவியும். ஆட்சி செய்கிறவனின் மூளை எப்படி வேலை செய்யும் என்று உள்ளிருந்து தெரிந்த ஒருவர் எழுதியது இது, அதனால்தான் கிரியோன் வெறும் கொடுங்கோலனாக வரவில்லை.

கிரியோனின் முதல் உரை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றால், சுமார் நூறு வருடம் கழித்து, கி.மு. 343-இல், ஏதென்சின் பேச்சாளர் டெமாஸ்தெனீஸ் நீதிமன்றத்தில் அதை அப்படியே வாசிக்கச் சொன்னார். எதிராளி ஐஸ்கினீஸ் முன்னாள் நடிகர், கிரியோன் வேஷம் பலமுறை போட்டவர். நீ மேடையில் சொன்ன இந்த நல்ல வரிகளை நாட்டுத் தூதுவனாகப் போனபோது மறந்துவிட்டாயே என்று குத்தினார். நாட்டைவிட நண்பன் பெரியவன் என்று நினைக்கிறவன் ஒன்றுக்கும் உதவாதவன், நாடு என்பது நம்மை ஏற்றிச் செல்கிற கப்பல், அது நிமிர்ந்து மிதக்கும் வரைதான் நமக்கு நட்பென்று ஒன்று இருக்க முடியும்: இதெல்லாம் கிரியோன் சொன்னது. யார் மறுக்க முடியும்? நானும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த உரை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். செத்தவர் விஷயத்திலும், உயிரோடு இருக்கிற எங்கள் விஷயத்திலும், எந்தச் சட்டத்தையும் பயன்படுத்த உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்கிறார்கள். நல்லது, சரியான முடிவு என்று ஒரு வார்த்தை இல்லை. அதிகாரம் இருக்கிறது என்பதும் முடிவு சரி என்பதும் வேறு வேறு. கிரியோனுக்கு அந்த வித்தியாசம் காதில் விழவே இல்லை. காவல்காரன் வந்து யாரோ மண் போட்டுவிட்டார்கள் என்கிறான். இது தெய்வச் செயலாக இருக்குமோ என்று பெரியவர்கள் மெதுவாகக் கேட்கிறார்கள். அவன் வெடிக்கிறான், யாரோ பணம் கொடுத்து ஆள் பிடித்திருக்கிறார்கள் என்கிறான். பின்னால் குருட்டு ஞானி டைரீசியஸ் வந்து எச்சரிக்கும்போதும் அதே பல்லவி, நீயும் பணம் வாங்கிவிட்டாய். தன்னோடு ஒத்துப்போகாதவர் எல்லாரும் விலைபோனவர்கள் என்று நினைக்கிற இந்த ஒரு குணத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள், மனசு கனக்கும்.

நாடகத்தின் நடுநாயகம் என்று நான் நினைப்பது ஹீமோன் வருகிற காட்சி. பலர் அதைக் காதலன் கெஞ்சுகிற காட்சியாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ஹீமோன் காதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பா, நான் உங்கள் பிள்ளை என்று பணிவாகத்தான் தொடங்குகிறான். அதற்குக் கிரியோன் நீண்ட உபதேசம் செய்கிறான், அதன் நடுவில் அவனை அறியாமலே மொத்தத்தையும் காட்டிக்கொடுத்துவிடுகிறான்: ஊர் யாரைத் தலைமைக்கு வைத்ததோ அவருக்கு, சின்ன விஷயத்திலும், நியாயமான விஷயத்திலும், அவற்றுக்கு நேர் எதிரானவற்றிலும் கீழ்ப்படிய வேண்டும். நியாயத்துக்கு எதிர் என்றால் என்ன? அநியாயம். அந்தச் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு அதற்கும் கீழ்ப்படியச் சொல்கிறான். முதல் உரையில் இருந்த நல்ல கிரியோன் இந்த இடத்தில் கரைந்துபோகிறான். அது போதாதென்று, ஒரு பெண்ணிடம் தோற்றுப்போவதைவிட ஆணிடம் தோற்பது மேல் என்கிறான். ஊர் நன்மை எங்கே போனது?

ஹீமோன் பொறுமையாக எடுத்துச் சொல்கிறான். உங்கள் முகத்துக்குப் பயந்து யாரும் உங்களிடம் சொல்வதில்லை, ஆனால் இருட்டில் இந்த ஊர் அந்தப் பெண்ணுக்காக அழுவது என் காதில் விழுகிறது. வெள்ளத்தில் வளைந்துகொடுக்கிற மரத்துக்குக் கிளை மிஞ்சும், விறைத்து நிற்கிற மரம் வேரோடு போகும். பாய்மரக் கயிற்றைத் தளர்த்தவே தெரியாதவன் கப்பலைக் கவிழ்த்துவிட்டுத் தலைகீழாகப் பயணம் போவான். அப்பா முதலில் எடுத்த அதே கப்பல் உவமையைப் பிள்ளை திருப்பி வைக்கிறான். பேச்சு முற்றி வார்த்தை தடிக்கிறது. ஊர் எனக்குக் கட்டளை போடுமா என்கிறான் கிரியோன். ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை என்கிறான் ஹீமோன். ஊர் ஆள்கிறவனுடையதுதானே என்று இவன் கேட்க, ஆளே இல்லாத பாலைவனத்தை நீங்கள் தனியாக நன்றாக ஆளலாம் என்று அவன் முடிக்கிறான். ஜனநாயகம் நடத்திக்கொண்டிருந்த ஏதென்சில், பல்லாயிரம் பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் இந்த வரிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. உங்கள் கேள்விக்கு நாடகத்துக்குள்ளேயே இருக்கிற பதில் இதுதான் என்பேன். அரசின் அதிகாரம் தப்பு என்று ஹீமோன் சொல்லவில்லை. ஊரிடமிருந்து வருகிற அதிகாரம் ஊர் சொல்வதைக் கேட்க மறுத்தால் அது ஊரின் அதிகாரமாக இருக்க முடியாது என்கிறான்.

ஆன்டிகனி பக்கம் குறையே இல்லையா? இருக்கிறது, அதை மறைத்து அவளைச் சிலையாக்குவது எனக்குப் பிடிக்காது. இஸ்மீனியை அவள் நடத்துகிற விதம் கொடுமை. பயந்துபோய் முதலில் மறுத்த தங்கை, பிடிபட்ட பிறகு ஓடிவந்து நானும் உன்னோடு சாகிறேன் என்கிறாள். வேண்டாம், நீ செய்யாததில் பங்கு கேட்காதே என்று தள்ளிவிடுகிறாள். கடைசியில் கல்லறைக்குப் போகும்போது, அரச குலத்தில் மிச்சம் இருந்த ஒரே பெண்ணைப் பாருங்கள் என்று பெரியவர்களிடம் சொல்கிறாள். இஸ்மீனி உயிரோடு இருக்கிறாள்! வெறுப்பில் பங்கு கொள்ளப் பிறந்தவள் இல்லை நான், அன்பில் பங்கு கொள்ளப் பிறந்தவள் என்று சொன்னவளே, செத்தவன் மேல் வைத்த அன்பில் உயிரோடு இருக்கிறவளை மறந்துவிடுகிறாள்.

இன்னொரு இடம் இதைவிடச் சங்கடமானது. சாகப்போகும் முன், கணவனுக்காகவோ பெற்ற பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன் என்கிறாள். கணவன் போனால் இன்னொருவன், பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை. அப்பா அம்மா இருவரும் செத்துப்போன பின் இன்னொரு சகோதரன் பிறக்க வழியே இல்லை. எல்லா மனிதருக்கும் பொதுவான தெய்வ வழக்கம் என்று கிரியோனிடம் முழங்கியவள் இங்கே கணக்குப் போடுகிறாள். ஜெர்மன் கவிஞர் கதே இந்த வரிகளைப் படித்து மனம் நொந்து, இவை சோபாக்ளிஸ் எழுதியவை அல்ல என்று யாராவது அறிஞர் நிரூபித்தால் நன்றாயிருக்கும் என்று 1827-இல் தன் உதவியாளர் எக்கர்மனிடம் சொன்னார். ஆனால் அரிஸ்டாட்டில் காலத்திலேயே இந்த வரிகள் நாடகத்தில் இருந்தன, அவர் மேற்கோளே காட்டுகிறார். ஹெரோடோட்டஸின் வரலாற்றிலும் இதே வாதம் வருகிறது: பாரசீக மன்னன் டேரியஸ் ஒருத்தியின் குடும்பத்தையே சிறைபிடித்து ஒருவரை மட்டும் விடுவிப்பேன் என்றபோது, அவள் கணவனையும் பிள்ளைகளையும் விட்டுச் சகோதரனைக் கேட்கிறாள். எனக்கு அந்த வரிகள் நாடகத்தில் இருப்பதுதான் சரி என்று படுகிறது. மேடையில் நின்று வாதம் செய்யும்போது பேசுகிற காரணம் வேறு, இன்னும் கொஞ்ச நேரத்தில் உயிரோடு புதைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபின் மனசு தேடுகிற காரணம் வேறு. அவள் காப்பாற்றியது பொதுவான ஒரு கொள்கையை இல்லை. பெயரும் முகமும் உள்ள ஓர் உடலை. தன் கையால் ஒருவரை அடக்கம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஹெகல். அவர் பார்வையில் இது சரிக்கும் தப்புக்கும் நடக்கிற மோதல் இல்லை, சரிக்கும் சரிக்கும் நடக்கிற மோதல்: குடும்பம் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம், இரண்டுமே அறத்தின் உண்மையான பாதிகள், இருவரும் மற்ற பாதியைப் பார்க்க மறுத்ததால் அழிகிறார்கள். ஆழமான வாசிப்புதான், கிரியோனைப் பூச்சாண்டியாக்காமல் காப்பாற்றியதற்கு அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நாடகம் முடியும்போது இரண்டு தட்டும் சமமாக நிற்பதில்லை. டைரீசியஸ் வந்து கிரியோன் பக்கம்தான் பிழை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். ஆன்டிகனி செய்தது பிழை என்று எந்தத் தெய்வமும் எந்த ஞானியும் சொல்லவில்லை. கிரியோன் அரசின் நியாயத்துக்காக நின்று தோற்றவனும் இல்லை. ஊரும் நானும் ஒன்று என்று நினைத்ததால் அந்த நியாயத்தையே அவன் கெடுத்துவிட்டான். ஹெகல் சொல்கிற அரசு ஹீமோனின் வாயில்தான் இருக்கிறது.

ஏதென்ஸ் இந்தச் சிக்கலை நாடகத்தோடு விட்டுவிடவில்லை, சட்டத்திலும் முட்டி மோதியது. எழுதப்படாத சட்டங்களை மதிக்கிற ஊர் எங்களுடையது என்று போரில் இறந்தவர்களுக்கான உரையில் பெரிக்ளீஸ் பெருமைப்பட்டதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். அப்புறம் பெலோபொனீசியப் போரில் தோல்வி, முப்பது பேரின் கொடுங்கோல் ஆட்சி, ரத்தம். கி.மு. 403-இல் ஜனநாயகம் திரும்பி வந்ததும் போட்ட சட்டத்தில் இரண்டு விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை: எந்த அதிகாரியும் எழுதப்படாத சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது, அவ்வப்போது போடுகிற எந்தத் தீர்மானத்துக்கும் சட்டத்தைவிட அதிக பலம் கிடையாது. முதல் விதி ஆன்டிகனிக்கு எதிரானது போலத் தெரியும். இல்லை, அது அதிகாரியின் கையைத்தான் கட்டுகிறது. இரண்டாவது விதி அவளுடைய வாதமேதான், தண்டோரா வேறு, சட்டம் வேறு.

சாக்ரடீசைக் காட்டி, அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு விஷம் குடித்தாரே என்று சிலர் கேட்பார்கள். அதே சாக்ரடீஸ், அந்த முப்பது பேர் சலாமிஸ்காரர் லியோனைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொன்னபோது, அதைச் செய்யாமல், எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குப் போனவர். தத்துவம் பேசுவதை நிறுத்தினால் விட்டுவிடுகிறோம் என்றால், உங்களுக்கு அல்ல, கடவுளுக்குத்தான் கீழ்ப்படிவேன் என்று நீதிமன்றத்திலேயே சொன்னவர். கி.மு. 399-இல் தீர்ப்பு வந்தபின் சிறையிலிருந்து தப்பிக்க மறுத்தார், உண்மைதான். அதாவது அநியாயத்தைத் தன் கையால் செய்ய மறுத்தார், தனக்கு இழைக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டார். ஆன்டிகனியும் தான் செய்ததை மறுக்கவில்லை, ஓடவும் இல்லை.

இந்த நாடகத்தை யார் கையில் எடுத்தாலும் அவர்கள் காலத்து அரசு அதில் வந்து நின்றுவிடுகிறது. பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூய் எழுதிய ஆன்டிகனி, நாஜிகளின் பிடியில் இருந்த பாரீசில் 1944-இல் ஜெர்மன் தணிக்கையைத் தாண்டி மேடையேறியது. எனக்கு அதைவிட நெருக்கமானது தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை. அங்கே அரசியல் கைதிகள் இதை நடித்தபோது நெல்சன் மண்டேலா ஏற்ற வேடம் கிரியோன். ஆன்டிகனியை அவர் தங்கள் போராட்டத்தின் அடையாளமாகத்தான் பார்த்தார். கிரியோனைப் பற்றியோ, தொடக்கத்தில் நேர்மையானவன், நாட்டுப்பற்று உள்ளவன், முதல் உரைகளில் ஞானம் இருக்கிறது, ஆனால் பிறர் பேச்சைக் கேட்கவே மாட்டான் என்று பிற்காலத்தில் எழுதினார். பின்னாளில் ஒரு நாட்டையே ஆளப்போகிற மனிதர், கைதியாக இருக்கும்போது அந்த வேடத்துக்குள் போய்ப் பார்த்திருக்கிறார்.

கடைசிக் காட்சிகளுக்கு வருகிறேன். தண்டனையைக் கிரியோன் இடையிலேயே மாற்றிவிடுகிறான், கல்லெறிதல் இல்லை, கொஞ்சம் சாப்பாடு வைத்துக் குகையில் உயிரோடு அடைப்பது. அவள் தானாகச் செத்தால் ஊருக்குப் பாவம் ஒட்டாது என்ற கணக்கு. டைரீசியஸ் வருகிறார். நாயும் பறவையும் அந்தப் பிணத்தைத் தின்றுவிட்டு வந்து பலிபீடங்களையெல்லாம் தீட்டாக்கிவிட்டன, தெய்வங்கள் நம் பலியை ஏற்பதில்லை, செத்தவனைத் திரும்பக் கொல்வதில் என்ன வீரம் என்கிறார். ஜீயஸின் கழுகுகள் அவன் சதையை ஜீயஸின் அரியணைக்கே தூக்கிப் போனாலும் புதைக்க விடமாட்டேன் என்கிறான் கிரியோன். அப்போதுதான் டைரீசியஸ் நாடகம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் காட்டுகிறார்: மேலே இருக்க வேண்டிய உயிரைக் கீழே கல்லறைக்குள் தள்ளினாய், கீழே போக வேண்டிய உடலை மேலே பிடித்து வைத்திருக்கிறாய். உயிரோடு இருப்பவள் மண்ணுக்குள், செத்தவன் வெயிலில். அரசனின் அதிகாரம் எல்லையைத் தாண்டினால் அது எப்படி இருக்கும் என்று கேட்டால், இப்படித்தான் இருக்கும்.

கிரியோன் உடைந்துபோகிறான். நிலைபெற்ற நோமோஸ்களைச் சாகும்வரை காப்பதுதான் நல்லதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறான். முதல் உரையில் தன்னுடையது என்று எடுத்துக்கொண்ட சொல்லை இந்த இடத்தில் அவள் சொன்னதற்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறான். நான் முதலிலேயே சொன்னது இந்த வரியைத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் போய்ப் பெண்ணை விடுவியுங்கள், அப்புறம் கிடக்கிறவனுக்குக் கல்லறை கட்டுங்கள் என்று பெரியவர்கள் தெளிவாக வரிசை சொல்லி அனுப்புகிறார்கள். கிரியோன் மாற்றிச் செய்கிறான். முதலில் நாய் குதறிய உடலைக் கழுவி, எரித்து, சொந்த மண்ணால் உயரமாக மேடு எழுப்புகிறான். எல்லாம் முறைப்படி முடிந்த பிறகே குகைக்குப் போகிறான். உள்ளே தன் மகனின் அழுகுரல் கேட்கிறது. அவள் மெல்லிய துணியைச் சுருக்குப் போட்டு ஏற்கனவே தொங்கிவிட்டாள், ஹீமோன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறான்.